அடித்தூளி

இம்பீரியல் சாலைக் கடையில்
நாலு மீட்டர் குடைத்துணி, மூணு மீட்டர் எலாஸ்டிக்.
தூளிக்கு, என்றேன்.
குழந்தைக்கு எத்தனை மாசம் என்றார்.
நாற்பத்தொன்று.
வருஷம்.

தை மாதம் கல்வராயன் மலையில்
இரண்டு கடுக்காய் மரத்துக்கு நடுவே தொங்கினேன்.
மேலே ரெண்டு போர்வை, கீழே மடித்த ஒன்று.
மார்பு வேர்த்தது, முதுகு விறைத்தது.
என் கனமே கீழிருந்த பஞ்சை நசுக்கிக்
குளிருக்கு வழி விடுகிறது என்று
விடிய விடிய விழித்துக் கண்டுபிடித்தேன்.

ஆகவே தூளிக்குக் கீழே இன்னொரு தூளி.
தொட்டும் தொடாமலும் தொங்க வேண்டும்.
தொய்ந்தால் காற்று நுழையும்.
இறுகினால் பஞ்சு செத்துப்போகும்.

அக்னி நட்சத்திரம். முதுநகரில் கரண்ட் இல்லை.
மடி நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருப்பவளை
ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பூங்காவனம் கேட்டாள்:
யாருக்கு ஜுரம்?

ஊசி இறங்கும் ஒவ்வொரு துளையும் காற்றுக்குக் கதவு.
குண்டூசி வேண்டாமென்று
கொடியிலிருந்த கிளிப்பையெல்லாம் பிடுங்கினேன்,
ஈரப்பாவாடை பக்கத்து மாடிக்குப் பறந்தது.
குடைத்துணி வழுக்கிக்கொண்டே போகிறது
பேச்சுக்குப் பிடிகொடுக்காத ஆள் மாதிரி.
மூக்கில் பஞ்சு, ரசத்தில் பஞ்சு.
ஒரு ஓரம் ஏழு அங்குலம் குட்டை.
பிரித்தேன்.
மறுபடி தைத்ததில் மற்ற ஓரம் குட்டை.

ஒருவழியாக முடிந்தது.
சரி, குளிருக்கு எங்கே போவது?

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் தேசிங்கு
சிரித்து முடிக்க ரெண்டு நிமிஷம் ஆனது.
பாளம் அடுக்கிய அறையில்
இரும்புத் தூண் ரெண்டைக் காட்டினார்.
கட்டினேன். படுத்தேன். கதவைச் சாத்தினார்.
முதலில் மூக்கு போனது,
அப்புறம் கால் விரல்கள்.
முதுகு மட்டும் வீட்டில் இருந்தது.

இருபது நிமிஷம் தாங்குது, என்றேன்
பல் தந்தியடிக்க.
அவர் என்னைப் பார்க்கவில்லை, தூளியைப் பார்த்தார்.
"பதினாறு வருஷமா இதுக்குள்ளதான் நிக்கிறேன்.
ஒரு நாளும் படுத்ததில்ல."
ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு
ஒரு காலை உள்ளே போட்டு, தடுமாறி,
என் தோளைப் பிடித்து ஏறினார்.
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.
பிறகு குறட்டை.

வெளியே மீன் லாரி ஹாரன் அடிக்கிறது.
ஐஸ் உடைக்கிற பையன்
எழுப்பட்டுமா என்று கண்ணால் கேட்கிறான்.
அஞ்சு நிமிஷம், என்று விரல் காட்டுகிறேன்.
இடது மூலையில் ஒரு தையல் விட்டிருக்கிறது,
இங்கிருந்தே தெரிகிறது.