கழிவு

மிலாறு ஒன்று இடது கண்ணில் இடித்துவிட்டது.
மூன்றாம் நாள் கண் கொவ்வையாகி
வெளிச்சமெல்லாம் ஊசியாகி
டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்கில்
நாற்பத்தோராம் நம்பர் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

"புஸ்பகாந்தி" என்று கூப்பிட்டாள் மிஸ்ஸி.
அண்ணாந்து பார்க்கச் சொல்லி ஒரு துளி விட்டாள்.
"மூக்கோரத்த அழுத்திப் பிடிங்க,
இல்லாட்டித் தொண்டைக்கு ஓடிரும்."
பிடித்துத்தான் இருந்தேன். தும்மல் வந்தது.

நாக்கடியில் கசப்பு.
கண்ணில் விட்டது வாயில் கசக்கிறது!
கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில்
ஒரு சின்னக் கான் ஓடுகிறதாம்.
அழும்போதெல்லாம் மூக்கு ஒழுகியது ஏனென்று
முப்பத்தாறு வயதில் தெரியவந்தது.

ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடியின் மருந்தாம்.
எங்கள் பீலிக்கரையிலும் அந்த இனத்தில் ஒன்று நிற்கிறது
வெள்ளைப் புனல்களைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு.
ஆடுகூட வாய் வைக்காது.

டொக்டர் சொன்னார்:
கண்ணுக்குள் போய்ச் சேருவது
நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.
இமை சிமிட்டியதில் கன்னத்துக்குக் கொஞ்சம்,
கான் வழியே மூக்குக்குக் கொஞ்சம்,
அங்கிருந்து இரத்தம் தூக்கிப்போய்
எச்சிலை வற்றவைக்கும்,
நெஞ்சை இரண்டு அடி கூட அடிக்கவைக்கும்.
ஈரல் உடைத்துப்போட்டது போக
மிச்சம் மூத்திரத்தில்.

எனக்கு இந்தக் கணக்குப் புதிதில்லை.
கூடை தராசில் ஏறினால்
தண்ணீருக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று,
முற்றல் இலைக்கென்று இன்னொன்று.

"கறுத்த கண்ணில் மருந்து மெதுவாத்தான் ஏறும்.
ஏறினா லேசில் இறங்காது."
கண்ணில் உள்ள கறுப்பு அதைப் பிடித்துவைத்து
சிறுகச் சிறுக விடுமாம்.
பரவாயில்லை,
என்னிடமும் ஒரு சேமிப்புப் புத்தகம் இருக்கிறது.

நோர்வூட் பஸ் கண்ணாடியில் பார்த்தேன்.
வலது பாவை மிளகு,
இடது பாவை நாவற்பழம்.
மழையில்லாத மத்தியானத்தில்
எனக்கு மட்டும் மூடுபனி.

லீவுத் துண்டு மூன்று நாளுக்கு.
மருந்து ஒரு வாரத்துக்கு.
நாலாம் நாள் மலைக்கு ஏறினேன்.
எதிர்மலைக் கோயில் தெரிகிறது,
விரலிடுக்கில் உள்ள கொழுந்து தெரியவில்லை.
வலது கண்ணை நம்பிப் பறித்தேன்.

அந்தியில் தராசுக்கு இரண்டு முள்.
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கிட்டப் போனேன்.
ஒரு முள். இருபத்தொன்று.
கணக்கப்பிள்ளை பதினேழு எழுதினார்.

"ஒனக்குத்தான் கண்ணு சரியில்லயே, தள்ளு."

"ஒரு கண்ணுதான் சரியில்ல, ஐயா.
அதுல விட்ட மருந்து
எங்கெங்க போச்சுன்னு டொக்டர் சொல்லிட்டாரு.
நாலு கிலோ எங்க போச்சு?
நீங்க சொல்லுங்க."

பேனை நின்றது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
எனக்கு வாய் வறண்டிருந்தது, நெஞ்சு அடித்தது.
மருந்தா, வேறெதுவுமா, தெரியாது.

பின்னால் நின்ற தெய்வானை
கூடையை இறக்கிவைத்துவிட்டு
தராசுக்குக் கிட்ட வந்தாள்,
நோவில்லாத தன் கண்ணொன்றைப் பொத்திக்கொண்டு.