ஃபிரிட்ஜின் விடுமுறை

அக்டோபரிலேயே பிடுங்கிவிட்டேன்
ஃபிரிட்ஜின் ஒயரை.
எல்லாம் வெளி நடையில் கிடக்கிறது:
தட்டுத் தட்டாய் உறைந்த பால்,
விறகுபோல் சாய்த்துவைத்த மீன்,
ஆற்றில் அறுத்து வந்த குடிநீர்.
காலையில் ஒரு கட்டியைப் பீப்பாயில் போட்டால்
மாலைத் தேநீருக்கு ஆகும்.

ஃபிரிட்ஜுக்குள் இப்போது
துயாராவின் கணக்கு நோட்டுகள்,
ஜோடி தொலைத்த கையுறைகள்,
கட்டாத கரண்ட் பில்.

ராத்திரி லாரியின் பேட்டரியைக்
கைக்குழந்தைபோல் ஏந்தி வருகிறான் புரோகோபி.
அடுப்போரம் அதற்குத்தான்.
என் கால்கள் ஒதுங்கிக்கொள்ளும்.

மைனஸ் ஐம்பது என்றால் பள்ளி இல்லை.
நாற்பத்தொன்பது என்றால் உண்டு.
நாணயத்தால் ஜன்னல் பனியைச் சுரண்டி
தெர்மாமீட்டரைத் திட்டுகிறாள் துயாரா.

ஜனவரியில் பெரிய சண்டை ஒன்று,
எதற்கென்று நினைவில்லை.
கதவை அறைந்துவிட்டுப் போக
மூன்று சட்டை, இரண்டு காலுறை,
கம்பளி பூட்ஸ், அப்புறம் தொப்பி.
தொப்பிக்கு வருவதற்குள்
கோபம் வியர்த்துவிட்டது.
அப்படியே உட்கார்ந்து
உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஏப்ரலில் பாதி போயிற்று.
கூரை சொட்டவில்லை.
லேனா இன்னும் வாய் திறக்கவில்லை.

நேற்றுக் காலை நடையில்
ஒரு பால்தட்டின் ஓரம்
லேசாகக் கசிந்திருந்தது.
விரலால் தொட்டு நக்கினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

நோட்டுகளை வெளியே எடுத்து
கையுறைகளை உதறி
பில்லை மட்டும் மறுபடி ஒளித்து
ஒயரைச் செருகினேன்.
ரெண்டு தடவை இருமிவிட்டு
உர்ரென்றது பெட்டி.

பல் விளக்கிக்கொண்டிருந்தவள்
வாய் நிறைய நுரையோடு
ஓடி வந்து
அதன் கதவில் காதை வைத்தாள்.