நான்காம் கல்

முதல் முறை அளந்தது வாடைக்காலத்தில்.
முள்ளிமுனைக்குத் தெற்கே, உப்பங்கழி தாண்டி
பதினான்கு ஏக்கர் சொச்சம்,
தீர்வை ஏற்படாத தரிசு.
கடல்பாசி ஆய்வு மையத்துக்காக
வடக்கே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு என்றது அரசாணை.
ஏழு கல் நட்டோம்.
செயின்மேன் செய்யது இபுறாகீம்
ஒவ்வொன்றின் தலையிலும் சுண்ணாம்பு அடித்தார்,
தொப்பி வைத்த மாதிரி.

இரண்டாம் முறை சோழகக் காற்று.
அமைச்சர் மாறியிருந்தார்.
அதே நிலம், தெற்கே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு.
தரவரிசையில் இவர்கள் நாலு புள்ளி பின்னால்.
நிலம் வந்தால் நாலு புள்ளி கூடுமாம்.
புள்ளி கூடினால்தான் நிலமாம்.
எனக்கு இதை விளக்க வந்த துணைப் பதிவாளர்
பாதியில் நிறுத்தி, செருப்பைக் கழற்றி
கருவேல முள்ளைப் பிடுங்கினார்.
பிறகு தொடரவில்லை.
அதே ஏழு கல். சாயம் மட்டும் நீலம்.

இதற்குள் கல்லூரி தொடங்கிவிட்டது
புயல் காப்பகத்தின் மாடியில்,
முப்பத்தொரு பிள்ளைகளோடு.
எச்சரிக்கைக் கூண்டு ஏறினால்
ஊரே மேலே வரும்;
அரிசி மூட்டைமேல் மைக்ராஸ்கோப் உட்காரும்.
பாகம்பிரியாள் என்ற பெண்
இரண்டு மதிப்பெண் பட்டியலை நீட்டினாள்.
ஒன்றில் கலங்கரை விளக்கம், மற்றதில் அன்னப்பறவை.
"இதுல எது மேடம் என் யூனிவர்சிட்டி?"
என் பையில் புலப்படம்தான் இருந்தது.
அதில் வடக்கு எது என்பதற்கு
ஓர் அம்புக்குறி உண்டு. அவ்வளவே.

நான் குறை சொல்லவில்லை.
யாருக்காவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்.
பணம் அங்கிருந்து வருகிறது, துணைவேந்தரும்
அங்கிருந்துதான் வருகிறார்.
இரண்டு பேரை ஓடவிட்டு
கோட்டைத் தள்ளித் தள்ளிப் போடுகிறவர்களே
விசிலும் வைத்திருக்கிறார்கள் என்கிறேன்.
கோடு போடுவது என் வேலை என்பதால்
கண்ணில் படுகிறது.

மூன்றாம் கடிதம் நேற்று வந்தது:
ஆளுக்குப் பாதி. உட்பிரிவு செய்து அனுப்பவும்.

காலையில் போனோம். வற்றுக்கடல்.
இரண்டாம் கல்லைக் காணோம்.
நான்காம் கல்லில் ஒரு வள்ளம் கட்டியிருந்தது.
விரலெல்லாம் துணி சுற்றிய நம்புராணி
மரிக்கொழுந்துப் பாசியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.
"கயித்த அவுக்கணுமா?" என்றாள்.
பிரிக்கும் கோடு அந்தக் கல்லில்தான் தொடங்க வேண்டும்.
வேண்டாம் என்றேன்.
ஈர மூட்டையின் நீர்
கோட்டின் இரண்டு பக்கமும் ஓடியது.

பதிவேட்டில் எழுதினேன்:
'நான்காம் கல், நிலையில் உள்ளது.'

செய்யது இபுறாகீம் சாய டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
"இந்தத் தடவை என்ன கலர் மேடம்?"
கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஒன்றும் இல்லை.