மூலைமட்டம் பிடித்தவர்

ஆலங்கட்டி விழுந்த ஒரு சித்திரையில்
கோத்தகிரி மேட்டுக் கோயிலின் தெற்குச் சன்னலில்
தோமாவின் முகம் மட்டும் போயிற்று.
அங்கி தப்பியது. பாதம் தப்பியது.
இடக்கையில் பிடித்திருந்த மூலைமட்டம்
ஒரு கீறலும் இல்லாமல் தப்பியது.

படத்துக்குச் சட்டம் போடுகிறவன் நான்.
கல்யாணம், காலமானவர், காபா, ஹெத்தையம்மன்,
எல்லாருக்கும் நாலு மூலை, ஒரே ஆணி.
கோயில்குட்டி செல்லையா வந்து கூப்பிட்டார்:
"பாய், தற்காலிகமா ஒண்ணு வெச்சுக் கொடுங்க,
சாரல் பீடம் வரைக்கும் வருது."

ஏணியில் ஏறியபின்தான் தெரிந்தது,
அது கண்ணாடி அல்ல, ஈயத்தால் தைத்த துணி.
நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே
கறுத்த நரம்பு ஓடுகிறது.
ஒரு துண்டும் சதுரமில்லை.
மேலே கூம்பிய வளைவில்
இரண்டு கல் ஒன்றையொன்று தள்ளித் தள்ளி
விழாமல் நிற்கின்றன.
"ஐரோப்பாவில் அறுநூறு வருஷம் முன்னால்
இப்படித்தான் கட்டினார்கள்,
இது அதைப் பார்த்து ஒரு காபித் துரை கட்டியது"
என்றார் செயலர் ஞானசிகாமணி,
ஏணியைப் பிடிக்காமல்.

முட்டை வடிவில் சாதாக் கண்ணாடி வெட்டினேன்.
நாலு மில்லி. முப்பத்தைந்து ரூபாய்.
மக்கு வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

அப்புறம் ஆறு வருஷம்
வெளியே இருப்பதுதான் தோமாவுக்கு முகம்.
காலை ஆராதனையில் சில்வர் ஓக்கின் ஒரு கிளை.
பத்து மணிக்கு மூடுபனி. முகமே கிடையாது.
ஒரு சாயங்காலம்
பின்மேட்டுக் கல்லறைகளுக்கு நடுவே புல் மேய்ந்த காட்டெருமை
தலை தூக்கிற்று.
கொம்பு வைத்த அப்போஸ்தலரைப் பார்த்துப்
பாடகர் குழு ஒரு வரி தாண்டிப் பாடியது.

பணம் சேர்ந்தது. பெங்களூரிலிருந்து
கண்ணாடியில் தீட்டுகிற ஷீபா ரொசாரியோ வந்தார்.
பழையவர்கள் வெள்ளியைத் தடவிச் சுட்டு
மஞ்சள் எடுத்தார்கள் என்றார்.
இதை எந்த நகைக்கடையில் சொல்வார்கள்?
போன முகத்தின் படம் கேட்டார்.
ஆல்பங்கள் வந்தன. எழுபது வருஷத்துக் கல்யாணங்கள்.
எல்லாவற்றிலும் மணமக்கள் தலைக்கு மேலே
வெயில் தின்ற ஒரு வெள்ளைப் பொட்டு.

தாடி உண்டு என்றார் ஆர்கன் வாசிக்கும் மெர்சி டீச்சர்.
மழித்த முகம், வாலிபன் என்றார் ஞானசிகாமணி.
ஞாயிறுதோறும் எதிரே உட்கார்ந்த குடும்பங்கள்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
செல்லையா மட்டும், ஒட்டடை அடிக்க ஏறுகிறவர், சொன்னார்:
"இடது கண்ணுக்குக் கீழே ஒரு காத்துக் குமிழி.
வார்த்தவன் பிழை. அழுத மாதிரியே இருக்கும்."

கார்த்திகையில் முகம் வந்தது,
பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில்.
மூன்று நாள் தாடி: இரண்டு கட்சிக்கும் பாதி பாதி.
தேடிப் பிடித்த குமிழியும் இருந்தது.
அது தோமாவுக்கு இடதா,
பார்க்கிற நமக்கு இடதா என்று
செல்லையாவைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.
அவர் ஆவணியில் போய்விட்டார்.
அவர் படத்துக்கு நான்தான் சட்டம் போட்டேன்.

பழைய மக்கை உளியால் தட்டினேன்.
கல்லாகியிருந்தது, என் ரேகையோடு.

கழற்றிய கண்ணாடி கடையில் கிடக்கிறது.
முட்டை வடிவம், எந்தப் படத்துக்கும் ஆகாது.
சில நேரம் எடுத்துப் பிடித்தால்
கேரட் மூட்டை ஏற்றுகிறவன்,
மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு ஓடுகிறவள்,
ஆளுக்கு ஒரு நொடி.

இன்னொன்றும் செய்தேன் அன்றைக்கு,
எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம்.
இடுப்பிலிருந்த என் மூலைமட்டத்தை எடுத்து
அவருடையதன்மேல் பொருத்தினேன்.
அரை டிகிரி விலகிற்று.
இரண்டில் எது கோணல் என்று
இன்னும் நான் சோதித்துப் பார்க்கவில்லை.