ஏழாம் மைல் வளைவு

அங்கே மலையில்லை, ஆறில்லை,
சதுப்புகூட இல்லை.
ஆனாலும் தண்டவாளம்
ஏழாம் மைலில் இடுப்பை ஒடித்துக்கொள்கிறது.

காரணம் எனக்குத் தெரியும்.
கடிதங்களைப் பிரதி எடுத்தவன் நான்.
சுங்கை கெலாம் ரயில்வே ஆபீசில் மூன்றாம் கிராணி,
மாதம் முப்பத்தைந்து வெள்ளி, மண்ணெண்ணெய் தனி.

முதல் கடிதம் ராஜாவுக்கு.
'தங்கள் நிலம், தங்கள் சித்தம்' என்று தொடங்கும்.
கூடவே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி போயிற்று;
'சர்வே கருவிகள்' என்று நான்தான் பதிந்தேன்.
கையெழுத்துக்கு மூன்று வெள்ளிக்கிழமை காத்திருந்தோம்.
பாட்டனார் கபருக்கு மேல் புகை போகலாகாது என்றார் ராஜா.
பாதை கால் மைல் நகர்ந்தது.
நகர்ந்த இடத்தில் மெக்கின்னன் துரையின் இளங்கன்று ரப்பர்.
துரைக்கு ஒரு விருந்து, பால் ஏற்ற ஒரு கிளைப்பாதை,
அப்புறமும் திருப்தியில்லை:
திரும்பவும் கால் மைல், இந்தப் பக்கம்.
அழித்து அழித்து வரைபடத்தில் அந்த இடம்
பழந்துணிபோல் மெலிந்துவிட்டது.

லண்டனில் நாலு வட்டிக்குப் பத்திரம் விற்றார்கள்.
பணம் கப்பலேறி வரும்வரை
கூலி கொடுப்பது யார்?
காண்டிராக்டர் கிட்டங்கி வாசலில் தொப்பியைக் கழற்றினார்.
மேலாள் வயிரவன் செட்டியார்
பெட்டியடியிலிருந்து எழவில்லை.
'லண்டன் வட்டி லண்டனில். இங்கே இரண்டு.'
மாதத்துக்கு, என்பதைச் சொல்லவில்லை.

ஈடு என்ன என்று கேட்டிருந்தது லண்டன்.
அந்தப் பதிலைப் பிரதி எடுக்கையில் மை கொட்டி
மறுபடி எழுத நேர்ந்தது;
ஆகவே மனப்பாடம்:
இம்மாவட்டத்துக் கள்ளுக்கடைக் குத்தகை முழுதும்,
முப்பது வருஷத்துக்கு.

சனிக்கிழமை.
மண் காயாத காலோடு சடையன் வருகிறான்.
ஏழாம் மைலில் மேடு போட்டவன்,
போட்ட மேட்டைக் கலைத்தவன்,
மறுபடி போட்டவன்.
கலைத்ததற்குக் கூலியில்லை;
பேரேட்டில் அதற்குப் பெயர் 'திருத்தம்'.

இரண்டு மங்கு வாங்குகிறான்.
அவன் தொண்டை ஏறி இறங்குகிறது.
கடல் தாண்டி யாரோ ஒருவர்
கத்தரியெடுத்துப் பத்திரத்தின் ஓரத்தை நறுக்குகிறார்,
காலைப் பலகாரத்துக்கு முன்.

ஒருநாள் சொல்லியே விட்டேன், எல்லாவற்றையும்.
நிதானமாகக் கேட்டான்.
வாயைத் துடைத்தான்.
'அப்ப ரயிலு நம்மளுதுங்களா, கிராணி?'

என் கணக்கில்
இன்னொரு மங்கு சொன்னேன் அவனுக்கு.
அதுவும் ஈட்டில்தான் சேரும்.