மடிக்காமல் வெட்டுதல்

துணியை முதலில் இரண்டாய் மடி.
பத்தொன்பது வருசமாய் என் கைக்குத் தெரிந்தது இது.
ஒரு பாதியைக் கீறி இரண்டையும் வெட்டினால்
விரிக்கையில் ஒரு உடம்பு வரும்.

அப்படி வராத உடம்பு
கொக்குவிலில் என் கடைக்குள் வந்து
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றது.

யதுஷாயினி. இருபத்தொன்பது வயது.
வங்கியில் காசாளர்.
தெல்லிப்பழைக்கு ஏழு மாதம் போய்வந்தவள்,
திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும்.
சாறி என்றால் தலைப்பாவது இருக்கும்,
இவர்களுக்கு வெள்ளைச் சேட், கருநீலப் பாவாடை.

"நான் இருக்கிறன், சனம் நிக்குது அக்கா.
வவுச்சரில கையெழுத்துக் காட்டக் குனிஞ்சால்
சேட் முன்னுக்குத் தொங்கும்.
அடைவு வைக்க வந்த மனிசி
தன்ர சங்கிலியை மறந்து என்னைப் பார்க்கும்."

அளவுநாடா வலப்பக்கம் வந்ததும்
என் கை நின்றுவிட்டது.
"பிடியுங்கோ, நோகாது.
அந்த இடம் மரத்துப் போச்சு."
கொப்பியில் ஒரு சிறு கோடு போட்டேன்.
"கோடு வேண்டாம், சைபர் எழுதுங்கோ.
எனக்குச் சைபரும் ஒரு கணக்குத்தான்."

முதலில் பஞ்சு வைத்துப் பார்த்தோம்.
பாரமில்லாமல் அது
மத்தியானத்துக்குள் தோள் எலும்புவரை ஏறிவிட்டது.
பிறகு பக்கத்துக் கடைத் தராசில்
இருநூற்றுப் பத்துக் கிராம் கடுகு.
"என்ன, ஊறுகாயோ?" என்றார் கடைக்காரர்.
ஓம் என்றேன்.

மறுநாள் வந்தாள், பங்குனி வெயில், தெப்பமாய் வியர்வை.
"அக்கா, இனி ஒரு தூறல் பெய்தால்
இது முளைச்சிடும்."
சிரித்த சிரிப்பில்
றெஜினா மெஷினை நிறுத்திவிட்டாள்.
சிரித்து முடிய அவள்
கடுகுப் பையை எடுத்து மேசையில் வைத்தாள்,
மிச்சக் காசை வைப்பதுபோல.
"அந்தப் பக்கத்தைத் தட்டையாகவே வெட்டுங்கோ."

துணியை மடிக்காமல் விரித்தேன்.
ஒற்றைத் துணிக்கு மேசை போதவில்லை,
கதிரை ஒன்றை இழுத்து முண்டு கொடுத்தேன்.
இடப்பக்கத்துக்குப் பழகின சுருக்கு.
வலப்பக்கம்
தோளில் தொடங்கிய சோக்குக் கோடு
எங்கும் வளையாமல் இடுப்புக்கு இறங்கியது;
என் கைக்கு அது பொய்க் கோடாய்ப் பட்டது,
இரண்டு தரம் அழித்தேன்.
வலக்கை வீங்குவதால் கைக்கு ஒன்றேகால் அங்குலம் கூட.
தழும்பின்மேல் தையல் விழாமல்
ஓரத்துக்குத் தள்ளினேன்.
பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில்
வெளியே தெரியாத அமுக்குப் பொத்தான்,
குனிந்தாலும் வாய் பிளக்காமல் இருக்க.
பழைய படுக்கை விரிப்பில் மூன்று சேட் பழுதாகிப் போனது.
நாலாவதைப் போட்டுக்கொண்டு
கண்ணாடிக்குப் பக்கவாட்டாய் நின்றாள்.
நல்லாயிருக்கிறது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.
மேசையிலிருந்த என் பேனையை எடுத்து
தட்டைப் பக்கத்தில் சாய்த்து வைத்துப் பார்த்தாள்.
"இதில ஒரு பொக்கற்."

எத்தனை பேருக்கு மறுத்திருப்பேன்,
பெண்களின் சேட்டில் நெஞ்சுப் பொக்கற் பொங்கி நிற்கும் என்று.
அவளுக்கு அது கடித உறைபோலப் படிந்து கிடந்தது.

புதன்கிழமை, தேவையில்லாமல்,
ஆயிரம் ரூபாய் வைப்பிலிடப் போனேன்.
இலக்கம் வந்தது பக்கத்துக் கவுண்டருக்கு.
அவள் குனிந்து யாருக்கோ
எங்கே கையெழுத்து என்று காட்டிக்கொண்டிருந்தாள்.
எதிரே நின்ற கிழவர் பார்த்தது தன் பாஸ்புத்தகத்தை.

அடுத்த கிழமை
பொக்கற்றில் உள்ளங்கை அளவு நீலக்கறையோடு வந்தாள்.
"கழுவினால் போகுமோ?"
"பேனை மை. போகாது."
"அப்ப இன்னும் இரண்டு தையுங்கோ.
பொக்கற்றை ஆழமாய் வையுங்கோ."

இன்று சாவகச்சேரியிலிருந்து தொலைபேசி.
கணிதம் படிப்பிக்கிற பிள்ளை, முப்பத்திரண்டு வயது,
கரும்பலகையில் எழுதக் கை உயர்த்த வேண்டும்.
இவளுக்கு இடப்பக்கம்.
யதுஷாயினியின் காகித வெட்டைப்
புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
பொருந்தவில்லை.
றெஜினா புதுக் காகிதம் எடுத்து வருகிறாள்.