முதல் நாள் கையெழுத்து

கோண்டாவிலில் இரண்டரைப் பரப்புக்குள்
நாலு புது வீடு.
பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை,
யன்னல் கண்ணாடியில் நீலத்தாள் உரிக்கவில்லை.
ஞாயிறு டியூட்டி முடிந்து யூனிபோர்மோடு போனேன்.
ஏசி அறையில் பிருந்தினி என்றொரு பிள்ளை
நெக்டோ தந்து
வருகைப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.
பெயர். தொலைபேசி. கூட வந்தவர்:
ஒருவருமில்லை.
கையெழுத்து வைத்தேன்.
"தரகர் தேவையில்லை அக்கா,
நேரடியா எங்களிட்டயே வாங்கலாம்."
அவள் சொன்ன விதத்தில்
நாலைந்து லட்சம்
என் கைப்பைக்குள் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

எக்ஸ்றே அறையில் எனக்குப் பதினாறு வருசம்.
எந்த எலும்பில் வெடிப்பு என்று
டொக்டர் எழுத முன்னமே தெரியும்.
சுவரை என்ன செய்வது?
மூச்சை அடக்கச் சொன்னால்
அடக்கியபடியே நிற்கிறது, வெள்ளையாய்.

கன்ரீனில் யசோதரன் ரீயை ஊதி ஊதிச் சொன்னான்:
"புது வீட்டுக்குத் தரகர் பிடிக்கிறது விசர்.
பழைய வளவெண்டால் சரி,
உறுதியில ஏழு பங்காளி, எல்லையில ஒரு வழக்கு.
இது கேக் மாதிரி. பெட்டியோட வருது."
சரியென்றுதான் பட்டது.
இரவு, மாதத் தவணையை
இருபது வருசத்தால் பெருக்கிப் பார்த்தேன்.
நித்திரை வரவில்லை.

குருநகர்ச் சவிரிமுத்தர்
ஸ்கூட்டரின் முன்னால் சிவப்பு வாளி ஒன்றைக் கொளுவிக்கொண்டு வந்தார்.
"ரைல்ஸ் பார்க்கிறியளோ? பார்த்து முடியுங்கோ."
குளியலறைக்குள் போய்
வாளியைச் சரித்தார்.
தண்ணி கொஞ்சம் யோசித்தது.
பிறகு வடிகாலுக்கு முதுகைக் காட்டி
படுக்கையறை வாசலைப் பார்த்து நடந்தது.
கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில்
அடி வைத்து எண்ணினார்.
திரும்பியும் எண்ணினார்.
"காணாது," என்றார். அவ்வளவுதான்.

பிருந்தினியிடம் போய்க் கேட்டேன்:
"தரகர் இல்லாட்டில் எவ்வளவு குறைப்பியள்?"
"விலை ஒண்டுதான் அக்கா."
"அப்ப கொமிஷன்?"
"அது கொம்பனி குடுக்கிறது.
ஆனா நீங்கள் முதல் நாள் தனியா வந்ததாக் கையெழுத்து இருக்கு.
அவருக்கு இனி ஏலாது."
புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள்.
என்ர எழுத்துத்தான். வடிவாய், சாய்வில்லாமல்.
"அந்தக் காசு அப்ப ஆருக்கு?"
ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து சொன்னேன்.
சவிரிமுத்தருக்கு அது முதலே தெரிந்திருந்தது.
பக்கத்து இரண்டு வீட்டையும் கையால் காட்டினார்:
"அது ரெண்டும் நான் வித்தது.
கொம்பனி சொன்ன நாளிலயே காசு தந்தது."
"அங்கேயும் வாளி ஊத்தினனீங்களோ?"
ஸ்கூட்டரை உதைத்தார். பிடிக்கவில்லை.
"ஊத்தினனான்," என்றார்.
"ஆருக்கும் சொல்லேல்ல."

ஒரு வீட்டு மாடியில்
குழந்தையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

கைப்பையில் ஏழாயிரம் இருந்தது.
நீட்டினேன்.
வேண்டாமென்று சொல்வார் என்று நினைத்தேன்.
வாங்கி, விரலை நனைத்து எண்ணி,
சேட்டுப் பொக்கெற்றில் வைத்தார்.
"குளியலறையை உடைச்சுக் கட்டலாம் பிள்ளை.
கிணத்தை என்ன செய்யப் போறியள்?"

திரும்ப உள்ளே போனேன்.
புத்தகத்தில் புது வரியில் அன்றைய தேதி போட்டு
கூட வந்தவர் என்ற இடத்தில்
அவர் பெயரை முழுதாய் எழுதினேன்.
"இது செல்லாது அக்கா," என்றாள் பிருந்தினி.
"தெரியும்."

வாளித் தண்ணி அதற்குள்
படுக்கையறை வாசலைத் தாண்டியிருந்தது.